சாலையில் போகும் உயிரும் தப்பியோடும் ஓட்டுநரும்: சட்டம் கடந்து வந்த பாதை

கயத்தாறு என்றதும் 1799 அக்டோபர் 16 நினைவுக்கு வரும். வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள் அது. இன்று மதுரை–திருநெல்வேலி நான்குவழிச் சாலை அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. இத்தகைய சாலையில் கவனக்குறைவால் ஓர் உயிரைப் பறித்தவருக்குத் தண்டனை என்ன? அடிபட்டவரை அப்படியே விட்டு ஓடினால், அது தனிக் குற்றமா? இவ்விரு கேள்விகளிலும் நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் நேரும் மரணத்திற்கெனத் தனிப் பிரிவே இல்லை. 1870இல்தான் 304ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். மோட்டார் வாகனம் இந்நாட்டிற்கு வருமுன் வகுக்கப்பட்ட அந்த அளவே 2024 வரை நீடித்தது.

அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில் கூறுகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் மருத்துவ உதவி செய்ய இயலாத நிலைக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. ஆனால் கடமை தவறியவருக்கு முதலில் விதிக்கப்பட்டது மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 2019இல்தான் அது ஆறு மாதம், 5,000 ரூபாய் என உயர்ந்தது.

1999 ஜனவரி 10 அதிகாலையில் டெல்லியில் ஒரு சொகுசுக் கார் மோதி, காவலர் மூவர் உட்பட ஆறு பேர் இறந்தனர். ஓட்டியவர் நிற்கவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அவர் ஏற்கெனவே அனுபவித்த இரண்டு ஆண்டுச் சிறையே போதுமெனக் கருதி, 50 லட்சம் ரூபாய் செலுத்தவும் இரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாற்றவும் ஆணையிட்டது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் நேரும் மரணத்திற்கு ஐந்து ஆண்டுகள் வரையிலும், தெரிவிக்காமல் தப்பியோடினால் பத்து ஆண்டுகள் வரையிலும் தண்டனை வகுத்தது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து ஆண்டா என்று கேட்டு, 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தப்பியோடுதல் பற்றிய உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் தவறுதலாக நேரும் கொலைக்கு இரு பொறுப்புகளை வைக்கிறது. இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்தாலன்றி அவர்களுக்கு இழப்பீடான தியத் சேர வேண்டும். அல்லாஹ்விடம் தவ்பாவாக அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் உடன்படிக்கை செய்துகொண்ட வேறு சமுதாயத்தவராயினும் இவ்விரண்டும் உண்டு. ஆக, சிறைவாசம் முடிவதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. தப்பியோடியவரோ இறந்தவரின் குடும்பத்தாருக்கு யாரிடம் உரிமை கேட்பது என்பதே தெரியாதபடி செய்துவிடுகிறார். இது ஹக்குல் இபாதில் இன்னோர் அநீதி.

நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் வாகனச் சாவியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுப்போம்: நின்றால் உயிருக்கு ஆபத்து என்றால் சற்று விலகிச் சென்றேனும் 108க்கு அழையுங்கள், நேராகக் காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். அடிபட்டவரைக் கண்டு ஓட்டுநரை அடிக்கக் கூடுவோருக்கும் மறுமையில் கேள்வி உண்டு. பிறர் உயிரின் பொறுப்பை உணர்ந்தவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.