புகைமூட்டமும் இளம் ஓட்டவீரரும்

1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டமொன்று சூழ்ந்தபோது, செயற்கை இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றே அதற்குக் காரணமெனப் பலர் கருதினர். அத்தொழிற்சாலை இடைநிறுத்தப்பட்ட பின்னரும் புகை அகலவில்லை. 1950களின் தொடக்கத்தில் உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தியவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துவந்த ஹாகன்-சிமிற் என்னும் இரசாயனவியலாளர் ஆவார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதே அவரது முடிபு.

அவர் பணியாற்றிய பசடீனாவை அடுத்துள்ளது சான் மரீனோ. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர் இக்காற்றிலேயே நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் ஈடுபட்டனர். 1959 முதல் 1964 வரை நடைபெற்ற 21 போட்டிகளின் நேரப் பதிவுகளை ஆராய்ந்த மூவர், 1967இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி முதிர முதிர ஓடும் நேரம் குறைவதே இயல்பு. ஆகவே, முந்திய போட்டியிலும் விரைவாக ஓடத் தவறியோர் அணியில் எத்தனை வீதத்தினர் என அவர்கள் கணித்தனர். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னர் காற்றில் ஓசோன் முதலிய ஒட்சியேற்றிகள் மிகுந்திருந்த நாள்களில் அவ்வீதமும் மிகுந்திருந்தது. விளையாட்டுக்காகக் குறித்துவைக்கப்பட்ட நேரங்களே இங்கு ஆய்வுக் கருவியாயின. எவரையும் ஆய்வுகூடத்தில் அடைத்து ஓசோனைச் சுவாசிக்கச் செய்யவேண்டிய தேவை எழவில்லை.

ஆயினும், அம்மாணவரின் சுவாசப்பாதை ஒடுங்கியதா, அன்றி மூச்சுவிடும் வேதனையால் ஓடும் ஊக்கம் குன்றியதா என்பதை ஆய்வாளரால் துணிந்து கூற முடியவில்லை. பின்னைய உடலியல் ஆய்வுகள் இவ்வினாவையே மாற்றியமைத்தன எனலாம். ஓய்விலிருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 இலீற்றர் வரையான காற்றைச் சுவாசிக்க, கடுமையாக ஓடுபவர் 100 இலீற்றருக்கு மேலும் சுவாசிக்கின்றார். அதுவும் பெரும்பாலும் வாய் வழியாக. நீரில் எளிதிற் கரையாத ஓசோன் நுண்ணிய சுவாசக் குழாய்கள்வரை செல்கின்றது. அங்கு நரம்பு முனைகளைத் தூண்டி ஆழ்ந்த உட்சுவாசத்தைத் தடுப்பதுடன், உட்படையையும் அழற்சியுறச் செய்கின்றது. எனவே வேதனையும் சுவாசப்பாதையின் எதிர்வினையே. ஊக்கக் குறைவென அதனைத் தள்ளிவிடல் பொருந்தாது.

இத்தீங்கு ஓட்டத்தோடு முடிந்துவிடுகின்றதா என்பதே மிகப் பாரதூரமான கேள்வி. தென் கலிபோர்ணியாவின் 12 ஊர்களில், முன்னர் ஆஸ்துமா இல்லாத 3535 சிறாரை ஐந்து ஆண்டுகள்வரை அவதானித்த ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. அவர்களுள் 265 பேருக்கு ஆஸ்துமா புதிதாகக் கண்டறியப்பட்டது. ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஈடுபட்டோர், எதிலும் ஈடுபடாதோரிலும் 3.3 மடங்கு ஆபத்துக்கு உட்பட்டிருந்தனர். ஓசோன் குறைந்த ஊர்களிலோ, அவ்வாறே விளையாடிய சிறாரிடம் இம்மிகை காணப்படவில்லை.