மலைநீரும் வீட்டுச் சுவரும்

மின்சாரத்தால் ஓடும் கார் இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சரித்திரத்தைப் புரட்டினால் அது பெட்ரோல் காரோடு ஒரே காலத்தில் பிறந்தது என்பது தெரியவரும். 1859ஆம் ஆண்டில் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றத்தக்க ஈய பாட்டரியை அமைத்தார். 1881இல் அந்நாட்டவரான காமிய் ஃபோர் அதனைச் செம்மைப்படுத்தினார். 1897இல் லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. 1895இல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடிற்று. ஆனால் டிராமுக்கும் காருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. டிராம் செல்லும் வழியெல்லாம் மின்சாரமும் உடன் வருகிறது. காரோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் வயிற்றிலேயே சுமந்து செல்ல வேண்டும். தீர்ந்தபோது ஓரிடத்தில் நின்று நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த இடம் எது, அது யாருடையது என்னும் கேள்வி மின்சாரக் காரோடு கூடவே பிறந்தது. இன்று வீட்டில் சார்ஜர் பொருத்த விரும்பும் ஒவ்வொருவரும் அந்தப் பழைய கேள்விக்கே விடை தேடுகிறார்.

முதலில் அதற்கு விடை கண்டவர்கள் செல்வர்கள். பாட்டரிக்கு ஒரே திசையில் பாயும் நேர் மின்சாரம் வேண்டும். பல ஊர்களில் வீட்டுக்கு வந்ததோ திசை மாறிப் பாயும் மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற, பீட்டர் கூப்பர் ஹெவிட் என்னும் அமெரிக்கர் 1902இல் பாதரச ஆவியைக் கொண்டு இயங்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். அவ்வகைக் கருவி விரைவில் வீட்டு வண்டிக் கொட்டகைகளுக்கும் வந்தது. வீட்டுச் சார்ஜரின் மூதாதை அதுவே எனலாம். பெட்ரோல் கார்களை இலட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, தாம் ஓட்டுவதற்கு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்சாரக் காரையே விரும்பினார். ரூஜ் ஆற்றங்கரையில் அமைந்த அவர்கள் மாளிகைக்கு, அந்த ஆற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சொந்த நிலையமே இருந்தது.

சொந்த ஆறு, சொந்த மின்சாரம், சொந்தக் கொட்டகை: இவை வாய்த்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கோ பெட்ரோலைத் தகரத்தில் வாங்கி எந்தக் கிராமத்துக்கும் எடுத்துச் செல்வது எளிதாக இருந்தது. 1912இல் கைப்பிடியைச் சுழற்றாமலே பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும் கருவி காரில் இடம்பெற்றதும், மின்சாரக் கார் மெல்ல மறைந்தது.

ஆற்றருகே வாழ்ந்தும், அந்த ஆற்றின் மின்சாரத்துக்கு நெடுநாள் காத்திருந்தவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அவர்களைக் காண இடுக்கி மாவட்டத்து மலைகளுக்குச் செல்வோம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி இருக்கிறது. இன்று அணைக்கட்டையும் படகுகளையும் காணப் பயணிகள் வருகிறார்கள். 1963இல் இந்திய-சுவிஸ் கூட்டுறவில் அங்கே தொடங்கிய மாட்டுப்பண்ணை, பெயருக்கு ஏற்றபடி ஊரைப் புகழ்பெறச் செய்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் உழைப்போரில் பெரும்பாலார் தமிழர்கள்.

இம்மலைகளை 1877இல் பூஞ்ஞாறு தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட, கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை மலையேற்றினர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைபெற்றன. தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மைப் போலவே, அம்மக்களும் தமிழ் பேசிக்கொண்டு மற்றொரு மாநிலத்தில் வாழ்பவர்கள்.

போக்குவரத்தின் வளர்ச்சியை ஒரே பள்ளத்தாக்கில் காண வேண்டுமானால் மாட்டுப்பட்டிக்கு நிகரான இடம் அரிது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. அதனை இழுத்தவை எருதுகள். 1908இல் அதற்குப் பதிலாக நீராவி இரயில் வந்தது. மாட்டுப்பட்டியிலும் ஒரு நிலையம் இருந்தது. டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பித் தொங்கூர்தியில் குரங்கணிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. மீண்டும் அதை எவரும் அமைக்கவில்லை. எருது போய் நீராவி வந்தது. நீராவி போய்ப் பெட்ரோலும் டீசலும் வந்தன.

வெள்ளமாக வந்து அழித்த அதே நீர், மின்சாரமாகவும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோட்டக் கம்பெனி தன் தேவைக்குச் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசு முதிரப்புழை ஆற்றின் நீரைத் திருப்பி, ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்துக்குக் குழாய்களில் இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றும் பள்ளிவாசல் திட்டத்தை மேற்கொண்டது. 1940 மார்ச்சில் அது இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளப் பகுதியின் முதற்பெரும் நீர்மின் திட்டம் அதுவே. விரிவுபெற்றபின் அதன் ஆற்றல் 37.5 மெகாவாட். மழைக்காலத்து நீரைக் கோடைக்குச் சேமித்து வைக்கவே மேலே குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் அணைகள் எழுந்தன. மாட்டுப்பட்டி அணை 1953இல் முடிவுற்றது. அணையின் அடியில் 2 மெகாவாட் ஆற்றலுள்ள சிறு மின்நிலையமும் பிற்காலத்தில் சேர்ந்தது.

அந்த மின்சாரம் எங்கே சென்றது? கம்பி வழியே மலையிறங்கி ஆலுவாய்க்குச் சென்றது. 1943இல் அங்கே அலுமினியத் தொழிற்சாலை பிறந்தது. 1947இல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. மலையிலோ, முதலில் தேயிலை ஆலைகளிலும் துரைமார் பங்களாக்களிலும் விளக்கு எரிந்தது. தொழிலாளர் வாழ்ந்த லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணையாக இருந்தது. நீர் தங்கள் வாசலருகே ஓடியபோதும், அதன் வெளிச்சம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இறுதியில்தான் அவர்களிடம் வந்தது. 2017இல் கேரளம், தன் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக அறிவித்தது. பள்ளிவாசலில் சக்கரம் சுழன்று அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்நிலையில் மின்சாரக் கார் மீண்டும் வந்தது. அதிலும் கேரளத்துக்கு முன்னோடிப் பங்கு உண்டு. 1993இல் தில்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பர்ட்' என்னும் இருவர் அமரும் மின்சாரக் கார் காட்சிக்கு வந்தது. சாலக்குடியில், ஜப்பானியத் தொழில்நுட்ப உதவியோடு உருவானது அது. எட்டு மணி நேரம் மின்சாரம் ஏற்றினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓடும். சந்தையில் அது நிலைக்கவில்லை. 2001இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் பயன்படும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே அதற்கு மின்சாரம் ஏற்றலாம்.

அந்தப் பெரிய பிளக் இன்றும் ஏழைக்கேற்ற சார்ஜராக உதவுகிறது. அது தரக்கூடியது சுமார் 3 கிலோவாட். 30 யூனிட் கொள்ளும் பாட்டரியை நிரப்ப ஓர் இரவு முழுதும் ஆகும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் அதே வேலையை நான்கைந்து மணி நேரத்தில் முடிக்கும். ஆனால் அது 32 ஆம்பியர் மின்சாரத்தை இடைவிடாது இழுப்பது. ஆதலால் மீட்டரிலிருந்து அதற்கெனத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். தரமான எர்த் இணைப்பும், மின்கசிவு நேர்ந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். பழைய கம்பியில் பெரிய சார்ஜரை மாட்டுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

மலைவாசிகள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. மின்சாரக் கார் இறக்கத்தில் வரும்போது, அதன் மோட்டாரே மின்சாரம் ஆக்கும் யந்திரமாக மாறிப் பாட்டரிக்கு ஓரளவு திருப்பித் தருகிறது. வண்டியின் வேகமும் அடங்குகிறது. பள்ளிவாசலில் இறங்கும் நீர் செய்யும் வேலையையே இறங்கும் காரும் செய்கிறது. ஆனால் பாட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதைப் பெற்றுக்கொள்ள இடமிராது. எனவே மாட்டுப்பட்டியிலிருந்து அடிமாலிக்கு இறங்குபவர் புறப்படுமுன் பாட்டரியை முழுவதும் நிரப்பாமல் சற்றே குறைத்து வைப்பது நன்று.

இவை யாவும் கைவினைஞர் ஒருவர் ஒரு பகலில் முடித்துவிடக் கூடியவை. கடினமானது உரிமை பற்றிய பகுதி. சார்ஜருக்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரில் துளையிட இசைவு வேண்டும். அதன் பின்னே ஒரு மீட்டர் வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை முதலாளியின்மேல் வைத்தது. அது பெரிய நன்மைதான். ஆனால் வேலையோடு வரும் வீடு வேலையோடு போய்விடும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவரும் ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டியவரே. அந்த லயத்திலிருந்து படித்து வெளிவந்த மகன் மின்சார ஆட்டோ வாங்கினால், அதை எந்தச் சுவரோரம் நிறுத்துவான்?

அரசு விதிகள் இத்திசையில் சில படிகள் முன்னேறியுள்ளன. மின்சார வண்டிக்கு மின்சாரம் ஏற்றித் தருவது ஒரு சேவையே, அதற்கு மின்விநியோக உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் வந்த நுகர்வோர் உரிமை விதிகளின் திருத்தம், வண்டிக்கென்று தனி மின் இணைப்புப் பெறும் உரிமையை நுகர்வோருக்கு வழங்கியது. புதிய இணைப்பு மாநகரங்களில் 3 நாளிலும், நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும், கிராமங்களில் 15 நாளிலும் கிடைக்க வேண்டும் என்றது. மலைப்பாங்கான கிராமங்களுக்கு மட்டும் பழைய 30 நாள் கெடு நீடிக்கிறது. செங்குத்தான சரிவுகளில் கம்பம் நடுவது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும், மின்சாரத்தைக் கீழே அனுப்பிய மலைதான் இங்கும் வரிசையின் கடைசியில் நிற்கிறது என்பதைச் சரித்திரம் படிப்பவர் கவனியாமல் இரார்.

சுவரில்லாதவருக்கு வேறொரு வழியையும் கேரளம் காட்டியது. 2021இல் கோழிக்கோட்டில், ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும் மின்சாரம் ஏற்றிக்கொள்ள, தெருவோர மின்கம்பங்களிலேயே சார்ஜர்களைப் பொருத்தினார்கள். இது சிறிய ஏற்பாடுதான். எனினும் அதன் உட்கருத்து பெரிது. கொட்டகை உடையவனுக்கே மின்சார வண்டி என்றிருந்த பழைய நியதியை அது மாற்றுகிறது. ஒவ்வொரு லய வரிசையின் முன்னும் அத்தகைய கம்பம் ஒன்று நிற்குமானால், மாட்டுப்பட்டி அணையின் நீருக்கு அது தக்க நன்றிக்கடனாகும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலரும் வாடகை வீட்டிலோ, அரசுக் குடியிருப்பிலோ, அடுக்கு மாளிகையின் நான்காம் மாடியிலோ இருப்பவர்களே. நம் சுவரும் முழுவதும் நம்முடையதன்று. அடுக்கு வீடுகளிலும் கூட்டுறவுக் குடியிருப்புகளிலும், வீட்டுக்கொரு தனி இணைப்பா, அனைவர்க்கும் பொதுவான ஒரே இணைப்பா என்பதை உரிமையாளர்கள் வாக்களித்து முடிவு செய்யவும் 2024 விதி இடமளிக்கிறது. சங்கக் கூட்டங்களுக்குச் சென்று பேசும் பழக்கத்தை நாம் ஏற்படுத்திக்கொள்வது நலம். வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்றுவிட்டுப் பணியைத் தொடங்குவது நலம்.

1940இல் பள்ளிவாசலில் பிறந்த மின்சாரம் லயத்து அறைக்கு வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலதாமதத்துக்கு இயற்கை காரணமன்று. மலையையும் நீரையும் வீட்டையும் யார் பெயரில் எழுதி வைத்தார்கள் என்பதே காரணம். இன்று கம்பி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுத்த படியாகிய வண்டிச் சார்ஜர், வீட்டுப் பத்திரம் உள்ளவர்களிடம் மட்டும் நின்றுவிடாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, வாக்கும் குரலும் உடைய நம் அனைவரின் கடமையாகும்.