விசையைத் தட்டினால் விழித்த கணினி

2018, 2019 ஆண்டுகளில் லினக்ஸ் கணினி வைத்திருந்த சிலருக்கு ஒரு விசித்திரமான அனுபவம் ஏற்பட்டது. முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய கணினி. கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பாதி வழியில் நின்றுவிடும். உள்ளே நுழையும் திரை வராது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. பொறுமை இழந்து விசைப்பலகையில் கண்டபடி நாலு தட்டு தட்டினாலோ, மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்தாலோ, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வேலையைத் தொடரும்.

டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தலையில் தட்டிப் பாட வைத்த தலைமுறை நாம். ஆனால் இங்கே தட்டல் எந்த லூஸ் கனெக்‌ஷனையும் சரிசெய்யவில்லை. அந்தக் கணினி உண்மையிலேயே நம் தட்டலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. ஏன் காத்திருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதையொட்டி என்ன வாக்குவாதம் நடந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். வட்டிலிருந்து படிப்பது, விசைப்பலகையைக் கவனிப்பது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது எல்லாம் அதன் வேலை. 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று நம் ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்று ஒன்று இருந்ததே, உங்கள் பேரப்பிள்ளைகள் காட்டியிருக்கலாம், அதுவும் லினக்ஸ்தான்.

இந்தக் கெர்னலுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. யாராலும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத எண்களை அது கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். வங்கிக்கு இணையத்தில் பணம் அனுப்பும்போது உருவாகும் ரகசியச் சாவி, கடவுச்சொல்லைக் காக்கும் பூட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை இப்படிப்பட்ட தற்செயல் எண்கள்தான். ஆனால் கணினி தாயக்கட்டை உருட்டத் தெரியாத பிராணி. சொன்னதைச் சொன்னபடி செய்வதே அதன் குணம். அதனிடமிருந்து தற்செயலை எப்படி வாங்குவது?

1994இல் தியோடர் சோ என்பவர் லினக்ஸுக்கு ஒரு வழி எழுதினார். மனிதன் விசையைத் தட்டும் நேரம், மவுஸ் அசையும் விதம், வட்டு பதில் சொல்ல எடுக்கும் கால அளவு இவை எதுவும் ஒரே சீராக இருப்பதில்லை. அந்த நுணுக்கமான கால வித்தியாசங்களைச் சொட்டுச் சொட்டாக ஒரு தொட்டியில் சேர்த்து, கலக்கி, அதிலிருந்து எண்களை வார்த்துக் கொடுப்பது. அமெரிக்காவில் அப்போது மறைகுறியாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதற்குள் சிக்காத வகையில் கலக்கும் முறையை அவர் தேர்ந்தெடுத்தார். தொட்டியில் போதிய சரக்கு இல்லையென்றால் கேட்பவரைக் காக்கவைக்கும் வாசல் ஒன்று, எப்போது கேட்டாலும் காக்கவைக்காமல் கொடுக்கும் வாசல் இன்னொன்று என இரண்டு வாசல்கள் வைத்தார்கள்.

காக்கவைக்காத வாசலில் ஆபத்து இருந்தது. கணினி இப்போதுதான் கண் விழித்திருக்கிறது, தொட்டி காலி. அந்த நேரத்தில் வந்து கேட்டால் கிடைக்கும் எண் ஊகிக்கக்கூடியதாக இருக்கலாம். இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2012இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இணையத்தில் இருந்த சாவிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரவுட்டர் போன்ற சிறு கருவிகள் பல, விழித்தவுடனேயே சாவி செய்துகொண்டதால், ஒரே எண்களைப் பங்குபோட்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தே ரகசியச் சாவியைக் கணக்கிட முடிந்தது. அதற்கும் முன்பு, 2006இல் டெபியன் லினக்ஸில் செய்த ஒரு சிறு திருத்தம் தற்செயலின் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. 2008 மே மாதம் அது வெளியே தெரிந்தபோது, ஒருவகைச் சாவியில் மொத்தமே 32,767 வெவ்வேறு சாவிகள்தான் உருவாகியிருக்க முடியும் என்று தெரிந்தது. இதை ஒரு கணினி உட்கார்ந்து எண்ணி முடித்துவிடும்.

ஆகவே 2014இல், 3.17 கெர்னலில், புதிதாக ஒரு வழி வைத்தார்கள். அதன் பெயர் கெட்ராண்டம். தொட்டி முதல் தடவை நிரம்பும் வரை அது காக்கவைக்கும். ஒருமுறை நிரம்பிவிட்டால் பிறகு எப்போதும் காக்கவைக்காது. நல்ல ஏற்பாடு. 2018இல் கூகுளின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஜான் ஹார்ன், தொட்டி நிரம்பிவிட்டது என்று கெர்னல் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதைத் திருத்தினார்கள். திருத்தியதும் காத்திருப்பு நீண்டது. நான் தொடக்கத்தில் சொன்ன புகார்கள் அப்போதுதான் வரத் தொடங்கின. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, பூட் ஆகும்போது கணினி நின்றுவிட்டதுபோல் தோன்றலாம் என்று ஓர் எச்சரிக்கை இருந்தது.

இனி 2019 செப்டம்பருக்கு வருவோம். 5.3 கெர்னல் வெளிவர இன்னும் சில நாட்களே இருந்தன. கடைசிச் சோதனைப் பதிப்பைத் தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்த அகமது தர்விஷ் என்ற கெர்னல் நிரலாளருக்கு அது பூட் ஆகவில்லை. பழைய பதிப்பு ஓடுகிறது, புதியது நிற்கிறது. நடுவில் சேர்ந்த மாற்றங்களோ 14,000க்கும் மேல். எதைச் சந்தேகிப்பது?

இதற்கு அவர்களிடம் ஓர் அருமையான முறை இருக்கிறது. மாற்றங்களை வரிசையாக வைத்து நடுவில் உள்ள இடத்தில் ஒரு கெர்னல் தயார் செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடினால் குற்றவாளி பின்பாதியில், நின்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். பதினான்கு தடவை பாதியாக்கினால் 16,000 மாற்றங்களில் ஒன்றைத் தனியாகப் பிடித்துவிடலாம். 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்னும் மென்பொருளில் இதற்கென்றே பைசெக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. மருத்துவமனையில் ஒவ்வொரு டெஸ்டாக எழுதிக்கொடுத்து நம்மை அலையவிடும்போதெல்லாம், இந்தப் பாதியாக்கும் கணக்கை யாராவது அவர்களுக்குச் சொல்லக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

தர்விஷ் பாதியாக்கிப் பாதியாக்கிக் கடைசியில் வந்து நின்ற இடம் யாரும் எதிர்பாராதது. தற்செயல் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் யாரோ செய்த சிறு முன்னேற்றம் அது. வட்டிடம் பத்துத் தடவை துண்டு துண்டாகக் கேட்பதைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்கும்படி மாற்றியிருந்தார்கள். வேலை குறையும், வேகம் கூடும். மாற்றம் சொன்னபடியே வேலை செய்தது. அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை இல்லாததுதான் பிரச்சினை. வட்டை அழைப்பது குறைந்ததால் வட்டு பதில் சொல்லும் தடவைகளும் குறைந்தன. அந்தப் பதில்களின் கால வித்தியாசங்கள்தானே தொட்டிக்குள் விழும் சொட்டுகள்? தொட்டி நிரம்பவில்லை. அந்த நேரத்தில் உள்நுழையும் திரையைக் கொண்டுவர வேண்டிய நிரல், ஒரு சிறு அடையாளச் சீட்டுக்காகக் கெட்ராண்டத்தை அழைத்துவிட்டுக் காத்து நின்றது. அது நின்றதால் கணினியில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. வேலை நடக்காததால் தொட்டியில் சொட்டும் விழவில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம்மூரில் சொல்வார்களே, அந்தக் கதை. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த மேசை அந்த மேசையின் குறிப்புக்காகவும் அந்த மேசை இந்த மேசையின் குறிப்புக்காகவும் காத்திருக்க, நடுவில் கோப்பு மாதக்கணக்கில் உறங்கும். விசாரித்தால் இருவருமே விதிப்படிதான் நடந்திருப்பார்கள்.

கெர்னல்காரர்களின் அஞ்சல்களில் அதன்பின் நடந்த விவாதம் படிக்கவேண்டிய ஒன்று. ஒரு பக்கம், கெட்ராண்டம் தரமான எண் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது, பூட் ஆகவில்லை என்பதற்காக அந்த வாக்கை மீறி மட்டமான எண்ணைக் கொடுத்தால் 2012இல் கண்ட கதைதான் மறுபடி நடக்கும் என்றார்கள். சிஸ்டம்டியை எழுதிய லென்னார்ட் பொயட்டரிங் இந்தப் பக்கம் நின்று வாதாடினார். மறுபக்கம், எழுந்திருக்கவே எழுந்திருக்காத கணினியில் பாதுகாப்பு இருந்து யாருக்கு என்ன லாபம் என்றார் டோர்வால்ட்ஸ். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எச்சரிக்கையை எழுதிவைத்து, இருப்பதைக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது.

முடிவு செய்ய நேரம் இல்லை. செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, 5.3 வெளியானது. வெளியிடும் முன் டோர்வால்ட்ஸ் அந்த எக்ஸ்ட்4 முன்னேற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். வெளியீட்டு அறிவிப்பில் அதற்கான காரணத்தையும் விரிவாக எழுதினார். அந்த மாற்றத்தில் தவறு இல்லை, அது செய்யவேண்டியதைச் செய்தது, ஆனாலும் நேற்று ஓடிய கணினி இன்று ஓடாவிட்டால் அந்த மாற்றம் உள்ளே இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பு அநியாயம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். குற்றம் செய்யாதவனைத்தானே வெளியே அனுப்பினார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயன்படுத்துகிறவனுக்கு எந்த மேசையில் தவறு என்பது தேவையில்லாத விஷயம். நேற்று வாங்கிய சேவை இன்றும் கிடைக்க வேண்டும். யார் சரி என்ற விசாரணையைப் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் நான் பார்த்த பல இடங்களில் இருந்ததில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்டெல், ஏஎம்டி செயலிகளிலேயே தற்செயல் எண் தரும் வசதி இருக்கிறதே, அதை வைத்துத் தொட்டியை நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். கேட்டார்கள். செயலிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து சோதிக்க முடியாது, அதை மட்டும் நம்பலாமா என்பது பழைய சண்டை. 2018இல் வந்த 4.19 கெர்னலில், நம்புவதா வேண்டாமா என்று லினக்ஸைத் தொகுத்துக் கொடுப்பவர்களே முடிவு செய்துகொள்ள வழிவிட்டார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு 2019 ஜூலையிலேயே சாட்சி கிடைத்தது. அந்த மாதம் சந்தைக்கு வந்த ஏஎம்டி ரைசன் 3000 செயலிகள், தற்செயல் எண் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைக் கொடுத்தன. காத்திருப்பைத் தவிர்க்கச் செயலியிடம் எண் வாங்கிக்கொண்டிருந்த சிஸ்டம்டி குழம்பிப்போய், சில புதிய லினக்ஸ்கள் அந்தக் கணினிகளில் பூட் ஆகவே இல்லை. பிறகு பயாஸ் புதுப்பிப்பில் சரிசெய்தார்கள்.

5.3 வெளியான சில வாரங்களுக்குள் டோர்வால்ட்ஸ் தானே ஒரு தீர்வு எழுதினார். யாராவது கெட்ராண்டத்தில் காத்து நின்றால், கெர்னல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்காது. செயலியின் அதிவேகக் கடிகாரத்தை மறுபடி மறுபடி படிக்கும். இன்றைய செயலிகள் உள்ளே அவ்வளவு சிக்கலானவை என்பதால் இரண்டு படிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒருபோதும் ஒரே மாதிரி இருக்காது. அந்த நடுக்கத்தையே சொட்டுகளாக்கித் தொட்டியை நிரப்பிக்கொள்ளும். ஒரு நொடி அளவில் வேலை முடியும். அது போதாது என்று முகம் சுளித்த வல்லுநர்களும் உண்டு. 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் இது சேர்ந்தது. வெளியே அனுப்பிய எக்ஸ்ட்4 மாற்றத்தையும் அதே பதிப்பில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் வந்த 5.6இல், 1994 முதல் இருந்த அந்தக் காக்கவைக்கும் வாசலும் மாறியது. தொட்டி ஒருமுறை நிரம்பிவிட்டால் அதுவும் யாரையும் காக்கவைக்காது.

இன்று உங்கள் லினக்ஸ் கணினி கெர்னல் புதுப்பித்த பிறகு நின்றால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் புதிய கெர்னலுக்குப் பொருந்தாதது, பூட் பகுதியில் இடம் இல்லாமல் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டது போன்றவை. எதுவானாலும் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். உபுண்டு போன்றவை புதிய கெர்னலைப் போடும்போது பழையதை அழிப்பதில்லை. கணினியை அணைத்துப் போட்டதும் எஸ்கேப் விசையையோ, பழைய மாடல் என்றால் ஷிப்ட் விசையையோ அழுத்தினால் க்ரப் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் பழைய கெர்னல் பெயர் எண்ணோடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி கிடைத்துவிடும். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பட்டியலில் புதிய கெர்னல் மேல் நின்று இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் குவையட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களை மட்டும் நீக்கி எஃப்10 அழுத்துங்கள். மூடுதிரை விலகி, நடப்பதெல்லாம் வரி வரியாக ஓடும். இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பயப்பட வேண்டாம். புதியது நாலைந்து நாள் ஒழுங்காக ஓடும்வரை பழைய கெர்னலை இடத்துக்காக நீக்க வேண்டாம்.

அந்த வரிகளுக்கு நடுவே ராண்டம் என்று தொடங்கி, சிஆர்என்ஜி இனிட் டன் என்று முடியும் ஒரு வரி இருக்கும். தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். இடது ஓரத்தில் உள்ள எண், கெர்னல் எழுந்த பின் எத்தனை நொடியில் நிரம்பியது என்பது. நின்றுபோன அந்தக் காலத்துக் கணினிகளில் அது நிமிடக்கணக்கில் இருக்கும். என் பழைய மடிக்கணினியில் இன்று காலை பார்த்தேன், ஒரு நொடிகூட ஆகவில்லை.