நகம் வெட்டுதல் நோயாகுமா? – பாதமும் பொதுக்காப்பீடும் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் பாதம் தாழ்ந்த உறுப்பன்று. இறைவனைப் பாடுங்கால் அடி தொடங்கி முடிவரை பாடுவது பாதாதிகேசம். மானிடரைப் பாடுங்கால் முடி தொடங்கி அடிவரை பாடுவது கேசாதிபாதம். அடியார், அடியேன், திருவடி என்று நம் மொழியின் பணிவும் பெருமையும் காலடியிலேயே குவிந்து கிடக்கின்றன. ஆயின் மருத்துவச் செலவை அரசு ஏற்கும் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், அங்கே பாதம் வாசலுக்கு வெளியே நிற்பதைக் காண்கிறோம்.

இந்தத் தேடலுக்குக் காரணம் நம் வீட்டிலேயே நிகழ்ந்த ஒன்று. பல்லாண்டு நீரிழிவு உடைய எம் தந்தையார், செருப்பின் அடியில் ஆணி ஏறியிருப்பதை அறியாமல் காலை முதல் மாலை வரை நடந்திருக்கிறார். மூன்று வாரத்தில் கட்டைவிரலை எடுக்க நேர்ந்தது. அறுவைக்கான தொகையைக் காப்பீடு தந்துவிட்டது; குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவருடைய உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க எவருக்கும் எவரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. விரலை வெட்டப் பணம் உண்டு, காக்கப் பணம் இல்லை என்னும் இவ்விதி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அதனை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கும் ஒரு சட்டம் நம் கண்ணில் பட்டது. அது அமெரிக்க நாட்டின் மெடிகேர் சட்டம்.

1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அருகிருக்க, லிண்டன் ஜான்சன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயது நிரம்பியோர்க்கு அரசே மருத்துவக் காப்பீடு வழங்கும் அத்திட்டம் 1966 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் எவற்றுக்குப் பணம் கிடையாது என்று ஒரு பட்டியல் உண்டு. அதனை ஒரு விபரீதமான கேசாதிபாதம் எனலாம். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. செவிக்குக் கேட்புக் கருவி இல்லை. பல்லுக்குப் பெரும்பாலும் மருத்துவம் இல்லை. காலுக்குச் சிறப்புக் காலணியும் தாங்கு கருவிகளும் இல்லை. முதுமை முதலில் தட்டும் கதவுகள் எவையோ அவற்றையெல்லாம் முதியோர்க்கான சட்டம் அடைத்து வைத்திருந்தது.

இதனை வெறும் கொடுமை என்று தள்ளிவிட இயலாது. காப்பீடு என்பது எதிர்பாராத பெருஞ்செலவுக்கானது; நகம் வளர்வதும் கண் மங்குவதும் எதிர்பார்க்கத்தக்கவை; எல்லார்க்கும் வருவதை எல்லார்க்கும் ஈடுசெய்யப் புகுந்தால் கருவூலம் தாங்காது என்பது அத்தரப்பின் வாதம். மருத்துவமனைப் படுக்கையை மையமாகக் கொண்ட அக்காலத்துத் தனியார் காப்பீடுகளின் சாயலிலேயே மெடிகேர் வடிவமைக்கப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது.

அடுத்த திருத்தம் விரைவிலேயே வந்தது. 1967ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் பாத மருத்துவர்களை மெடிகேரின் பார்வையில் மருத்துவர்களாக ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், அவர்களிடம் முதியோர் எதற்காகப் பெரிதும் செல்வார்களோ அதனை விலக்கிவைத்தது. தட்டைப் பாதத்திற்கான மருத்துவம், பாத மூட்டு சற்றே விலகுவதற்கான மருத்துவம், 'வழக்கமான பாதப் பராமரிப்பு' ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. கால் ஆணியையும் காய்ப்பையும் வெட்டி நீக்குதல், நகம் திருத்துதல், தூய்மை பேணுதல் ஆகியன மூன்றாவதில் அடங்கும். வைத்தியரை உள்ளே அழைத்து வைத்தியத்தை வெளியே நிறுத்தினார்கள்.

விலக்குக்கும் விலக்கு உண்டு. நீரிழிவு, இரத்தநாள அடைப்பு போன்று உடல் முழுதையும் பற்றும் நோய் உடையவர்க்கு, பயிற்சியற்றவர் நகம் வெட்டுவதே ஆபத்தாகும் நிலையில், மெடிகேர் பணம் தரும். அந்நிலையை நிறுவ மூவகை அடையாளங்களை விதிகள் வகுத்துள்ளன. பாதத்தில் நாடித்துடிப்பு இல்லாமை, தோல் மெலிந்து மினுங்குதல், நகம் தடித்தல் முதலியன இரண்டாம் வகை. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தல், பாதம் சில்லிடுதல், வீக்கம், எரிச்சல் முதலியன மூன்றாம் வகை. இவை ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். முதல் வகையோ தனித்தே போதுமானது. அது யாதெனில், விபத்தினால் அன்றி நோயினால் பாதத்தையோ அதன் எலும்புப் பகுதியையோ ஏற்கெனவே இழந்திருத்தல். ஒரு விரலைக் கொடுத்தவர்க்கே எஞ்சிய ஒன்பதையும் காக்கும் உரிமை ஐயத்திற்கிடமின்றிக் கிட்டுகிறது. இவ்வரியைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இவ்வரலாற்றின் மறுபாதி நம் மண்ணில் தொடங்குகிறது. 1914இல் கொல்லிமலையில் மதப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்று மருத்துவ உலகமும் நம்பியிருந்த காலம் அது. அவரும் உடனுழைத்தோரும் ஒவ்வொரு காயத்தின் காரணத்தையும் துருவிப் பார்த்தனர். சூடான பாத்திரம், பொருந்தாத செருப்பு, உறக்கத்தில் கடித்த எலி என்று அன்றாடக் காரணங்களே கிடைத்தன. சதை தானே அழுகவில்லை. வலி என்னும் காவலாளி இல்லாமையால் வீடு கொள்ளை போயிற்று. எனவே கத்திக்கு இணையாகச் செருப்பும் மருந்தாயிற்று. நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற காலணிகள் வேலூர், கரிகிரி வட்டாரத்தில் உருவாயின.

மெடிகேர் நடைமுறைக்கு வந்த அதே 1966இல் பிராண்ட் அமெரிக்கா சென்றார். லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1894 முதல் இயங்கிவந்த கார்வில் தொழுநோய் இல்லத்தில், மறுவாழ்வுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். தொழுநோயாளர் பாதமும் நீரிழிவாளர் பாதமும் ஒரே வகையில் அழிகின்றன என்று அங்கே அவர் வலியுறுத்தினார். பாதத்தில் உணர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று காண மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் ஊன்றி வளைக்கும் சோதனை கார்வில்லில் கையாளப்பட்டது. 5.07 என்று எண்ணிடப்பட்ட, பத்து கிராம் விசையில் வளையும் இழையை உணர முடியாத பாதமே புண்படும் பாதம் என்று 1986இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வு எல்லை வகுத்தது.

சட்டம் மெல்ல அசைந்தது. 1987இல் இயற்றப்பட்ட ஒரு வரவுசெலவுச் சட்டம், நீரிழிவாளர்க்குச் சிறப்புக் காலணி வழங்குவது செலவுக்குத் தக்க பயன் தருமா என்று முதலில் சோதித்துப் பார்க்கப் பணித்தது. 1993 மே முதல் அவ்வுதவி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு இணை காலணியும் அதற்கான உள்தட்டுகளும் உண்டு. நீரிழிவைக் கவனிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். பின்னர் 2002 ஜூலை முதல், பாதுகாப்பு உணர்வை இழந்த நீரிழிவாளரின் பாதத்தை ஆறு மாதத்திற்கொருமுறை பரிசோதிக்கவும் மெடிகேர் இசைந்தது. உணர்விழப்பைக் கண்டறிய அவ்விதி குறிப்பிடும் கருவி அதே 5.07 இழைதான். உள்ளங்காலில் ஐந்து இடங்களில் தொட, இரண்டிலேனும் உணரவில்லையெனில் சட்டம் கண் திறக்கும். மறு ஆண்டு, 2003இல், பிராண்ட் மறைந்தார்.

இதில் ஒரு முரணும் உண்டு. வழக்கமான பாதப் பராமரிப்புக்குரிய நோய்ப்பட்டியலில் தொழுநோயின் நரம்புச் சேதம் இடம்பெற்றுள்ளது. ஆயின் காலணி உதவியும் அரையாண்டுப் பரிசோதனையும் நீரிழிவாளர்க்கு மட்டுமே. எவருடைய பாதங்கள் பாடம் கற்பித்தனவோ அவர்கள் பெயர் பரிசளிப்பில் விடுபட்டுப் போயிற்று. தொழுநோயாளர்க்குத் தனியே ஒரு கூட்டரசுத் திட்டம் உண்டு என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

1967ஆம் ஆண்டின் விலக்கு இன்றும் சட்டத்தில் நிற்கிறது. அடிப்படை விதியை எவரும் மாற்றவில்லை. அதில் இரண்டொரு சாளரங்களைத் திறந்தார்கள், அவ்வளவே. அச்சாளரங்களைத் திறந்ததும் இரக்கம் மட்டுமன்று. ஒரு காலணியின் விலை ஒரு காலின் விலையைவிடக் குறைவு என்ற கணக்கும் உதவிற்று. அக்கணக்கையேனும் நம்மூர்க் காப்பீடுகள் போட்டுப் பார்க்கலாம்.

எம் தந்தையார் இப்போது இரவுதோறும் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். பார்வை மங்கிவிட்டதால், ஞாயிறுதோறும் அவர் நகங்களை நாமே திருத்துகிறோம். நேர் கோடாக, ஓரங்களைக் குடையாமல் வெட்டவேண்டும். கால்மணி நேரம் ஆகிறது. எந்தச் சட்டத்தின் கணக்கிலும் இது மருத்துவமன்று.