வோட்டா-எமியின் வெள்ளைக் களிமண்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1906இல் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை அந்தமானுக்கு அனுப்பி வைத்தது. பெயர் அல்ஃபிரட் ரெஜினால்ட் பிரவுன். பிற்காலத்தில் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற பெயரில் உலகெங்கும் மானிடவியல் வகுப்புகளில் பாடமானவர் இவர்தான். அவருடைய செலவுக்குப் பணம் கொடுத்தது ஆண்டனி வில்கின் நினைவு ஆய்வு உதவித்தொகை. வில்கினும் கேம்பிரிட்ஜ் மாணவர்தான். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் புகைப்படம் எடுத்தவர். 1901இல் எகிப்தில் நோய்ப்பட்டு, வாழ வேண்டிய வயதில் இறந்துபோனார். அந்த டோரஸ் குழுவில் ரிவர்ஸ், மயர்ஸ், மக்டூகல் என்று மனநூல் வல்லுநர்கள் மூவர் இருந்தார்கள். ரிவர்ஸிடம் பாடம் கேட்டவர் பிரவுன். அதனால் தலையோட்டின் நீள அகலத்தை அளப்பதோடு நின்றுவிடாமல், சடங்கில் நிற்கிற மனிதனின் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சமயச் சடங்கில் பிறக்கும் கலையை மனத்தின் பக்கமிருந்து ஆராய்வதைச் சமயக் கலையின் உளவியல் என்று சொல்லலாம். அந்தப் பெயர் இல்லாமலே எங்கள் தீவுகளில் நடந்த அப்படியொரு ஆய்வுப் பணி பிரவுனுடையது என்பது என் கணிப்பு. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் பாராடாங்கில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தவள். அந்தத் தீவின் பழைய மக்களுக்கு ஓவியத் தாள் என்பது மனித உடம்புதான்.

பாராடாங்கைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நன்றாகத் தெரியும். போர்ட் பிளேயரிலிருந்து விடியுமுன்னே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்று, போலீஸ் காவலோடு காட்டுச் சாலையைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகேறினால் எதிர்க்கரை நிலம்பூர் ஜெட்டி. அங்கிருந்து அலையாத்திக் காட்டின் ஊடே சிறு படகில் சுண்ணாம்புக் குகைக்குப் போவார்கள். குகைக்குள் வழிகாட்டி டார்ச்சை மேலே திருப்பி, ‘கணேஷ்ஜி’ என்பார். நம் ஊர்க் கூட்டம் ‘பிள்ளையார், பிள்ளையார்’ என்று முண்டியடிக்கும். சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டித் தொங்குகிற ஈரக் கல்லில் முதலில் காது தெரியும், அப்புறம் தும்பிக்கை. ஒரு தடவை தெரிந்துவிட்டால் அதை மறுபடி வெறும் கல்லாகப் பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறவர்களும் உண்டு. கண் பார்த்த வடிவத்தை மனம் எந்த நொடியில் தெய்வமாக்குகிறது என்பது பெரிய கேள்வி. அந்தக் குகை வாசலிலேயே ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆராயலாம்.

ஆனால் இதே பாராடாங்கில்தான் வோட்டா-எமி இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி எந்த வழிகாட்டியும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. பெரிய அந்தமானியர் என்று இன்று சொல்லப்படுகிற மக்கள் அன்று பத்துக் குழுக்களாக, பத்து மொழிகள் பேசி வாழ்ந்தார்கள். பாராடாங் புச்சிக்வார் குழுவின் மண். அவர்களுடைய கதைகளில் ஆதி மனிதன் தோமோ குடியிருந்த ஊர் வோட்டா-எமி. புலுகா என்ற தெய்வம் தூங்கிக்கொண்டிருந்தபோது லூராதூத் என்ற மீன்கொத்தி நெருப்பைத் திருடிக்கொண்டு வந்ததும், மனிதர்கள் முதன்முதலில் அடுப்பு மூட்டியதும் அங்கேதான். எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1880களிலும், மாரிஸ் விடால் போர்ட்மன் அதற்குப் பின்னும் இந்தக் கதையை எழுதி வைத்தார்கள். இருவருமே அந்தமானியரைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள். ஒரு இனம் தன் தொடக்கம் என்று சொல்லிக்கொண்ட இடத்தை நாம் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகிற வழியாக மட்டும் வைத்திருக்கிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி அவர்கள் உடம்பில் தீட்டிய மண்ணுக்கு வருகிறேன். அந்தமானியர் உடம்பில் பூசியவை முக்கியமாக மூன்று. ஒன்று, சாதாரணச் சாம்பல் நிறக் களிமண். இரண்டாவது, மாவுபோல் நைசான வெள்ளைக் களிமண். மூன்றாவது, செங்காவியைப் பன்றிக் கொழுப்போடோ ஆமைக் கொழுப்போடோ குழைத்த சிவப்பு. இவற்றை வாய்த்த நேரத்தில் வாய்த்தபடி பூசிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேளையும் முறையும் இருந்தன. துக்கம் காக்கிறவர்கள் சாம்பல் களிமண்ணை உடம்பு முழுக்க மெழுகிக்கொண்டு, தலையிலும் ஒரு களிமண் கட்டியை அப்பிக்கொள்வார்கள். துக்கம் முடிகிற அன்று அதைக் கழுவிவிட்டு ஆட்டம் ஆடுவார்கள். பன்றிக்கறியோ ஆமைக்கறியோ தின்றபின் அதே களிமண்ணைப் பூசி, ஈரம் காய்வதற்குள் விரல்களால் வழித்துக் கோடு எடுப்பார்கள். ஆட்டத்துக்குப் போகும் முன் வெள்ளையில் நுணுக்கமான வரிகள். கல்யாணம் முடிந்த மறுநாள் மணமக்களுக்கும் வெள்ளை. இறந்தவரின் உடலைப் புதைக்குமுன் அதற்கும் வெள்ளையும் சிவப்பும். பிறகு எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கழுவி, மண்டையோட்டுக்கு அதே வெள்ளையும் சிவப்பும் தீட்டி, உறவினர் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். உயிரோடு இருந்தபோது பூசிய கைகளே இறந்த பின்னும் பூசின.

இதை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளியில் ஒருநாள் ஓடைக்கரைக் களிமண்ணைக் குழைத்து, பிள்ளைகளின் முன்கையில் பூசி, விரலால் வளைவுகள் இழுக்கச் சொன்னேன். என் வகுப்பில் பெரும்பாலும் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், முண்டா, ஓராவோன் பழங்குடிகள். ஈரத்தில் கரும்பச்சையாக இருந்த மண் காயக் காயச் சாம்பலாக வெளுத்தது. விரல் போன தடத்தில் தோலின் கருப்பு பளிச்சென்று தெரிந்தது. தோல் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்ததும், அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போய்த் தங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பின் மேல் இன்னொரு தோல் ஏறியதுபோல இருக்கிறது என்று ஒரு சிறுமி இந்தியில் சொன்னாள். பிரவுன் தன் அந்தமான் புத்தகம் முழுக்கத் தேடிய விஷயத்தின் ஒரு நுனி அந்தப் பேச்சில் இருந்தது.

அவர் என்ன கண்டுபிடித்தார்? களிமண் ஏன் என்று அந்த மக்களைக் கேட்டார். கறி தின்றவன் உடம்பிலிருந்து வாடை வரும், அது காட்டு ஆவிகளை இழுக்கும், மண் பூசினால் வாடை அடங்கும் என்றார்கள். அவருக்கு முன்னால் எழுதிய மேன், தின்ற சூட்டைத் தணிக்கத்தான் பூசுகிறார்கள் என்று முடித்திருந்தார். பிரவுன் இரண்டோடும் நிற்கவில்லை. ஒரே வழக்கம் வெவ்வேறு சடங்கில் திரும்பத் திரும்ப வந்தால், எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே பொருளைத் தேட வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டார். கறி தின்பது, சாவு, பருவமடைவது ஆகிய எல்லாமே அவர்களுக்கு ஆபத்தான வேளைகள்; அந்த வேளையில் நிற்பவனுக்கு உன்னைச் சமூகம் காக்கிறது என்று உடம்பிலேயே உணர்த்துவது களிமண் பூச்சு என்றார். வெள்ளை வரிகளோ ஆட்டக்களத்தில் நிற்பவனுக்குத் தன் மதிப்பைத் தானே உணர வைக்கின்றன. பூசுவதும் பூசப்படுவதும் ஒரு உணர்ச்சியைத் தட்டியெழுப்பி நிலைநிறுத்துகின்றன. அந்த உணர்ச்சி இல்லாமல் கூடி வாழ முடியாது என்பதே அவர் வாதத்தின் மையம்.

தமிழர்களுக்கு இதை விளக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. நெற்றியில் திருநீறு எதற்கு என்று என் அப்பத்தாவைக் கேட்டால், காத்துக்கருப்பு அண்டாது என்பாள். படித்தவர் ஒருவர் வந்தால் அது நிலையாமையின் அடையாளம், குலத்தின் அடையாளம் என்று விளக்குவார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் பூசிய விரலின் குளிர்ச்சி குழந்தை நெற்றியில் ஏற்படுத்துகிற தைரியம் அப்பத்தாவின் பதிலுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. பிரவுன் தன் மேசையில் உட்கார்ந்து கட்டிய விளக்கம் எனக்குப் பெரும்பாலும் சம்மதமே. அதற்காக ஆவியின் பேச்சை மேலோட்டமான காரணம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அவருடைய வேலைக்குக் கடுமையான எல்லைகளும் இருந்தன. பெரும்பாலும் இந்துஸ்தானியில்தான் பேசினார். பேசியவருக்கும் அது தாய்மொழி இல்லை, கேட்டவருக்கும் இல்லை. சிறிய அந்தமானில் ஓங்கே மக்களோடு தங்கிப் பார்த்தார். மொழி பிடிபடாததால் அந்த முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. அதைவிட முக்கியமானது, அவர் வந்து சேர்ந்த காலம். 1858இல் தண்டனைக் குடியேற்றம் வந்தபின் மேகநோயும் 1877இன் தட்டம்மையும் கரையோரக் குழுக்களை வாரிக்கொண்டு போயிருந்தன. 1901 கணக்கெடுப்பில் பத்துக் குழுவும் சேர்ந்து 625 பேர். அதில் புச்சிக்வார் 50 பேர். ஆகவே பிரவுன் எழுதியவற்றில் பல, கண்ணால் பார்த்த சடங்குகள் அல்ல. மிஞ்சியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. அவர் தாயகம் திரும்பி, 1908இல் ஆய்வேட்டைக் கொடுத்து, ‘அந்தமான் தீவினர்’ என்ற பெரிய நூலாக அதை வெளியிட 1922 ஆகிவிட்டது. 1931 கணக்கெடுப்பில் அந்தப் பத்துக் குழுவிலும் சேர்ந்து 90 பேர்தான்.

இதற்கிடையில் அந்த மக்களின் தெய்வத்தை வைத்து ஐரோப்பாவில் ஒரு சண்டை நடந்தது. புலுகா என்று தெற்கில் சொன்ன தெய்வத்தைப் புச்சிக்வார் பிலிக் என்றார்கள், வடக்கே பிலிக்கு. வாடைக் காற்றும் புயலும் அந்தத் தெய்வத்தின் கோபம். தேன்மெழுகை எரித்தாலோ, சில்வண்டு கத்தும் வேளையில் சத்தம் போட்டாலோ அது சினக்கும். ஆதி மனிதர் ஒரே கடவுளைத்தான் கும்பிட்டார்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்றார் வில்ஹெல்ம் ஷ்மிட் பாதிரியார். நாட்டார் கதைகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ லாங்கும் அந்தப் பக்கம் நின்றார். பிலிக்கு பருவக்காற்றின் உருவம், இவர்கள் சொல்கிற பரம்பொருள் அல்ல என்று பிரவுன் 1909இலிருந்து மறுத்து எழுதினார். இதில் நான் பிரவுன் பக்கம். வாடைக்காற்றில் படகு கவிழ்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெய்வம் ஏன் அந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கு ஆறாத குறை வேறு. கணவனுக்கும் மகனுக்கும் வெள்ளை வரி தீட்டியவர்கள் பெண்கள். யார் புது வடிவம் எடுக்கிறாள் என்று அவர்களுக்குள் போட்டியே இருந்ததாகப் பிரவுனே குறித்திருக்கிறார். அவ்வளவு தெரிந்தும், ஒரு பெண்ணிடமாவது இந்தக் கோட்டை ஏன் இங்கே திருப்பினாய் என்று கேட்டு, அவள் பேரோடு அவள் சொன்னதை எழுதிய ஒரு பக்கம் அந்த நூலில் இல்லை. பூசப்பட்டவன் மனத்தில் எழுந்த உணர்ச்சிக்கு அத்தனை பக்கம். பூசியவள் மனத்துக்கு இடமே இல்லை. கலையின் உளவியல் என்றால் அது முதலில் செய்தவளிடம் தொடங்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

வெள்ளைக் களிமண் இன்னும் தீவை விட்டுப் போகவில்லை. பாராடாங் சாலை ஊடறுத்துப் போகும் காட்டில் ஜாரவா மக்கள் இன்றும் முகத்தில் வரி தீட்டிக்கொள்கிறார்கள். அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். அந்த வரிகளின் பொருள் அவர்களுக்குச் சொந்தம்; அவர்களாக ஒருநாள் சொல்ல நினைத்தால் சொல்லட்டும். வண்டி ஜன்னலில் போனைத் தூக்காதீர்கள் என்று அந்த வழியே வருகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. கேம்பிரிட்ஜின் பெட்டகங்களில் பிரவுன் சேர்த்த பொருட்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் போர்ட்மன் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. போர்ட் பிளேயர் கல்லூரிகளில் ஓவியமும் வரலாறும் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு உடம்பிலும் இருக்கிற கோடுகளைத் தனித்தனியே நகலெடுத்துத் தொகுக்க வேண்டும். எஞ்சியிருக்கிற பெரிய அந்தமானியர் குடும்பங்கள் விரும்பினால் அவர்களோடு உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். எங்கள் தீவின் பள்ளிப் பாடநூலில் வோட்டா-எமிக்கும் மீன்கொத்தி கொண்டுவந்த நெருப்புக்கும் ஒரு பாடம் வேண்டும். எழுத யாராவது முன்வாருங்கள். படம் வரைந்து கொடுக்க நான் தயார்.