ரெமார்க்: போர் துரத்திய நாவலாசிரியர்

உலகின் மிகப் புகழ்பெற்ற போர் எதிர்ப்பு நாவலை எழுதியவர் போர்முனையில் இருந்தது சில வாரங்கள் மட்டுமே! அவர்தான் எரிக் மரியா ரெமார்க்.

1898ல் ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் நகரில், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 18 வயதில் கட்டாய ராணுவ சேவை. 1917 ஜூனில் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 31ல் குண்டுச் சிதறல்கள் உடலைத் துளைத்தன. மருத்துவமனையில் இருந்தபோதே தாயார் இறந்துபோனார். தாயின் நினைவாகத்தான் 'மரியா' என்பதைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார்.

போர் முடிந்ததும் ஆசிரியர், விளம்பர எழுத்தாளர், பத்திரிகையாளர் என்று பல வேலைகள். மனதில் இருந்த போர் மட்டும் முடியவில்லை. 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்று உலகம் அறிந்த நாவலை எழுதினார். போர்க்கதையை இனி யார் படிப்பார்கள் என்று ஒரு பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1929ல் வேறொரு பதிப்பகத்தில் புத்தகமாக வந்தபோது, பதினெட்டே மாதங்களில் 25 லட்சம் பிரதிகள் விற்றது!

போரில் வீரத்தைக் காட்டாமல் சாவைக் காட்டியதால் நாஜிகளுக்கு ஆத்திரம். 1930 டிசம்பரில் அதன் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் அரசே படத்தைத் தடை செய்தது. 1933 ஜனவரி இறுதியில், ஹிட்லர் பதவிக்கு வந்த அதே நாட்களில், ரெமார்க் சுவிட்சர்லாந்து போய்விட்டார். மே 10ல் அவர் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. 1938ல் குடியுரிமை பறிபோனது. 1939ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அவர் தப்பிவிட்டார். ஆனால் தங்கை எல்ஃப்ரீட ஜெர்மனியிலேயே இருந்தார். டிரெஸ்டனில் தையல் வேலை செய்துவந்தவர், ஜெர்மனி தோற்றுவிட்டது என்று பேசியதற்காகக் கைது செய்யப்பட்டார். அண்ணன் எங்கள் கையிலிருந்து தப்பிவிட்டான், நீ தப்ப முடியாது என்ற பொருளில் நீதிபதி ஃபிரைஸ்லர் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1943 டிசம்பர் 16ல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அதோடும் விடவில்லை. விசாரணைக்கும் தண்டனைக்கும் ஆன செலவு 495 மார்க் 80 பெனிக் என்று கணக்குப் போட்டு, இன்னொரு சகோதரி எர்னாவுக்கு பில் அனுப்பினார்கள்! ஒரு உயிரை எடுத்ததற்கான கூலியை அந்தக் குடும்பத்திடமே வசூலித்தது அரசு.

ரெமார்க்குக்கு இந்தச் செய்தி தெரிந்தது போர் முடிந்த பிறகுதான். வதைமுகாம் வாழ்க்கையைப் பற்றி 1952ல் எழுதிய நாவலைத் தங்கைக்குச் சமர்ப்பித்தார். ஜெர்மன் பதிப்பில் அந்தச் சமர்ப்பணம் இல்லை.

1947லேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். ஜெர்மனி தன் குடியுரிமையைத் திருப்பித் தரவேயில்லை. 1968ல் ஓஸ்னாபுரூக் நகரம் எல்ஃப்ரீடவின் பெயரை ஒரு தெருவுக்கு வைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970ல், ரெமார்க் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

நாட்டை விட்டுப் போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் விட்டுவிட்டுப் போனவர்களின் கணக்கை யார் தீர்ப்பது?