நடித்த சாவும் நிஜச் சாவும்

அமேசான் காட்டில் காணாமல் போன படக்குழு. மிஞ்சியவை ஃபிலிம் சுருள்கள் மட்டும். 1980-ல் வெளியான 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தின் கதை இது. ஆடும் கேமராவைப் பார்த்தவர்கள் நிஜம் என்றே நம்பினார்கள். நடிகர்கள் ஓராண்டு தலைகாட்டக்கூடாது என்று ஒப்பந்தம் வேறு! விளைவு, படம் பறிமுதல். இயக்குநர் ருஜேரோ டியோடாட்டோ மீது கொலைப் பழி. நடிகர்களை உயிரோடு காட்டிய பிறகே அது நீங்கியது. கழுவேற்றப்பட்ட பெண்? கம்பியில் பொருத்திய சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து வாயில் மரக்குச்சியைக் கவ்வியிருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஆமை முதலான விலங்குகளை நிஜமாகவே கொன்றிருந்தார்கள். அந்த நிஜம்தான் மற்ற பொய்களையும் நம்ப வைத்தது.

'ஒருவேளை உண்மையோ?' என்ற சந்தேகமே இவ்வகைப் படங்களின் கவர்ச்சி. அதற்கு உயிர்ப்பலி தேவையில்லை என்பதை 1999-ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' காட்டியது.